பேப்பர் சுத்தாம குடுங்க!

கடைக்குப் போய் உள்ளாடை வாங்கும்போது நீங்க எப்படிக் கேட்பீங்க? கடையில் ஆள் குறையும் வரை வளையல் பார்ப்பது போல நின்று, குரலைத் தாழ்த்தி, சைஸை மட்டும் சொல்லி, கறுப்பு கவரில் வாங்கிக்கொண்டு ஓடி வருவீங்கதானே? நானும் அந்த ஜாதிதான். அப்படிப்பட்ட நான் ஒரு கார்செட் தைக்க காரைக்கால் முழுக்கச் சாமான் தேடி அலைந்த கதை இது.

காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு நாடகம். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரி. 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்த துய்ப்ளேயின் மனைவி ழான் வேடம் எனக்கு! எங்க ஊரே 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1-ம் தேதி இந்தியாவோடு சேர்ந்த ஊர். விடுவேனா? வாடகைக்கு கவுன் எடுத்து மாட்டிக் கண்ணாடி முன் நின்றால்... கவர்னர் மனைவி இல்லை, நைட்டி போட்ட பக்கத்து வீட்டு அக்கா!

அப்புறம்தான் புரிந்தது. அந்த ஷேப் கவுனில் இல்லை, உள்ளே போடும் கார்செட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குள் திமிங்கிலத்தின் 'எலும்பை' வைத்துத் தைப்பார்களாம். நிஜத்தில் அது எலும்பே இல்லை. சில வகைத் திமிங்கிலங்களின் வாயில் பல்லுக்குப் பதிலாக வளரும் தகடு. நம் நகம் எதனால் ஆனதோ, அதேதான். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும்.

சரி, நாமே தைப்போம் என்று கிளம்பினேன். ஆனால் 'உள்ளே போடுறதுக்கு' என்று எப்படி வாயைத் திறந்து சொல்வது?

துணிக்கடையில் பாயிடம், "பை தைக்கணும் பாய், கெட்டித் துணி குடுங்க" என்றேன். கொடுத்தார், கித்தான் மாதிரி ஒன்றை! ஹார்டுவேர் கடையில் "காலேஜ் ப்ராஜெக்ட்" என்றேன். கட்டுக்கம்பி கிடைத்தது. பேனர் அடிக்கிற கடையில் "பேனருக்கு" என்றே சொல்லி ஐலெட் வாங்கினேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவின் மெஷினில் உட்கார்ந்தேன். கித்தானில் முதல் ஊசி பட்டென்று உடைந்தது. ரெண்டாவதும். கம்பியை இடுப்போடு வளைத்துப் பார்த்தால், வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது. ஐலெட்டில் நாடாவைக் கோத்தால் முடிச்சோடு வெளியே வந்தது. நாடகத்துக்கு ஆறே நாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கடையில என்னத்துக்குன்னு சொல்லி வாங்கின?"

சொன்னேன்.

"வயித்து வலிக்காரி டாக்டர்கிட்ட போயி கால் வலின்னு சொன்னா, காலுக்குத்தாண்டி மருந்து குடுப்பாரு!"

அடுத்து அம்மா சொன்னது, "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? எங்க ஆயா காலத்துல பாடின்னுதான் சொல்லுவாங்க, சத்தமா!"

அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கார்செட்டுக்கே 'பாடீஸ்' என்றுதான் பெயர். அதிலிருந்து வந்ததுதான் 'பாடிஸ்'. நம்ம ஆயாக்களின் 'பாடி' அதற்குச் சொந்தம்தான்! அதற்கும் எத்தனையோ காலம் முன்பே தமிழில் 'கச்சு' இருக்கிறது. இலக்கியத்தில் வந்தால் மார்க், கடையில் கேட்டால் வெட்கம். நல்லா இருக்குல்ல நியாயம்?

மறுநாள் மறுபடியும் அதே கடைகள். கை சில்லிட்டுப்போச்சு. இருந்தாலும் சொல்லிவிட்டேன். "பாய், நாடகத்துக்கு. கவுனுக்கு உள்ளே போடுற கச்சு. இறுக்கிக் கட்டினா துணி இழுபடக்கூடாது."

பாய் சிரிக்கவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்று ஒரு காடா துணியை எடுத்து, நாலு பக்கமும் இழுத்துக் காட்டினார். "ரெண்டு மடிப்பா தை. வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணில நனைச்சுக் காயப்போடு, இல்லன்னா அப்புறம் சுருங்கிடும்." கேட்காமலே மெஷினுக்கு 16-ம் நம்பர் ஊசி வாங்கச் சொன்னார்.

ஹார்டுவேர் கடை அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஒயர் கட்டுற அகலமான கேபிள் டையை எடுத்துக் கொடுத்தார். வளைத்தேன். விட்டேன். நிமிர்ந்தது! பிளாஸ்டிக் திமிங்கிலம் கிடைச்சாச்சு. தலைப் பக்கத்தை நறுக்கிவிட்டு, வெட்டின முனையை உப்புத்தாளில் தேய்த்து உருட்டிவிடணும். இல்லைன்னா விலாவில் குத்தும்.

ஐலெட், பை ரிப்பேர் பண்ற தாத்தாவிடம். ஷூவுக்குப் போடுற சின்ன சைஸ். "துணி கிழியாம இருக்க ரெண்டு பக்கமும் வளையம் வெக்கணும்" என்று அவரே அடித்தும் கொடுத்தார். (துய்ப்ளே காலத்தில் உலோக ஐலெட்டே கிடையாது, 1820-களில்தான் வந்தது. அதுவரை ஓட்டையைச் சுற்றி நூலால் தைப்பார்களாம். கவுன் மறைச்சிடும், யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க!) கட்டுவதற்கு? நம்ம பாவாடை நாடாதான், பருத்தியில்.

எல்லாம் வந்தாச்சு, பாக்கி அளவு மட்டும். அம்மா டேப்பைச் சுற்றினதும் வயிற்றை எக்கி உள்ளே இழுத்துக்கொண்டேன். அம்மா டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைக்காரர்கிட்ட பொய் சொன்னது போதும். டேப்புகிட்டயுமா? மூச்சை விடு."

விட்டேன். 31 இஞ்ச். சினேகிதிகளிடம் 28 என்று சொல்லி வைத்திருந்த இடுப்பு! 31-க்குத்தான் வெட்டினோம். பின்னால் நாடா கட்டுகிற இடத்தில் மட்டும் இரண்டு இஞ்ச் இடைவெளி விட்டோம், இறுக்கவும் தளர்த்தவும். நீங்க தைத்தாலும் இதை மறக்காதீங்க. மூச்சு முட்டினால் அது கார்செட்டின் கெட்டிக்காரத்தனம் இல்லை, அளவில் சொன்ன பொய்.

நாடகத்தன்று கடைசி வரிசை வரைக்கும் என் குரல் கேட்டதாம். 28-க்குத் தைத்திருந்தால் முதல் வரிசைக்கே கேட்டிருக்காது!

போன வாரம் பாரதியார் சாலையில் ஒரு கடைக்குப் போனேன். எனக்கு வேண்டியதை, சரியான சைஸோடு, சாதாரணக் குரலில் கேட்டேன். கடைப்பையன் பழக்கதோஷத்தில் பேப்பரை எடுத்தான்.

"பேப்பர் வேணாம் தம்பி, அப்படியே குடுங்க."

காது கொஞ்சம் சூடானது என்னவோ நிஜம். ஆனா, முதல் தடவையா எனக்குச் சரியா பொருந்துகிற சைஸ் கிடைச்சிருக்கு ஃப்ரெண்ட்ஸ். நீங்க எப்போ கேட்கப் போறீங்க?