பேர் வெட்டித் தர்ற கடை

எங்க திருநீர்மலை 2021 வரைக்கும் பேரூராட்சி. இப்போ தாம்பரம் மாநகராட்சியோட சேர்ந்தாச்சு. போர்டு மாறினாலும் பாத்திரம் வாங்குற விஷயத்துல எங்க வீட்டுக் கணக்கு பழைய போகக் கணக்குதான். சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு பேசிக்கிட்டிருந்த காலத்துல, சம்பா அறுப்பு முடிஞ்சு கையில காசு வந்தாத்தான் அம்மா பாத்திரக்கடைப் பக்கம் போவாங்க. அவசரம்னா முன்னாடியே எடுத்துக்கலாம். கடைக்காரர் நோட்டுல எங்க பேருக்கு நேரா "தை"ன்னு மட்டும் எழுதி வைப்பார். தேதி கிடையாது, வட்டி கிடையாது. மழை ஏமாத்தின வருஷம் அந்தத் தையை அடிச்சிட்டு "சித்திரை"ன்னு எழுதுவார். நவரை வந்தா குடுப்பாங்கன்னு அவருக்குத் தெரியும்.

அந்தக் கடை பம்மல்ல இருக்கு. பத்தடி அகலம் இருந்தா அதிகம். கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர், எழுபதைத் தாண்டிட்டார். எங்களுக்கு அண்ணாச்சி. வெளியில கயித்துல முறம், பிளாஸ்டிக் வாளி, சல்லடை தொங்கும். உள்ளே அன்னக்கூடை, குண்டான், தூக்கு, சம்படம், டபரா செட்டு, முறுக்குக் குழல், பருப்பு மத்து, அரிவாள்மனை. எதுவும் கண்ணாடிக்குள்ள இருக்காது. தட்டிப் பார்க்கலாம், மூடியைப் போட்டுக் கழட்டிப் பார்க்கலாம். எங்க வீட்டம்மா ஒவ்வொரு தட்டையும் தரையில வச்சு ஆடுதான்னு பார்ப்பாங்க. அண்ணாச்சி அலுத்துக்க மாட்டார். ஆனா விலையில ரொம்பக் குறைக்கவும் மாட்டார், அதையும் சொல்லிடணும்.

வாங்கினதும் பேர் வெட்டணும். டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது பழசாத் தெரியலாம். ஊர்ல ஒரு வீட்டுல விசேஷம்னா பத்து வீட்டு அண்டா, தவலை, கரண்டி எல்லாம் அங்கே போகும். முடிஞ்சதும் கழுவிக் கவுத்து வச்சா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். பேர் இருந்தாத்தான் அது அது வீடு வந்து சேரும். முன்னே சின்ன உளியும் சுத்தியலும் வச்சு, புள்ளி புள்ளியாத் தட்டி எழுத்து வெட்டுவாங்க. எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி. அதனால எங்க ஆயா பேரை முழுசா வெட்டாம நைனா சுருக்கிட்டார். இப்போ கரண்டுல ஓடுற பேனா மாதிரி ஒரு மிஷின், கொர்ருன்னு சத்தம் போட்டு நிமிஷத்துல முடிச்சிடுது.

பேரோட வருஷமும் வெட்டுவாங்க. வருஷம் இல்லாத பாத்திரத்தோட வயசைக் கண்டுபிடிக்க அண்ணாச்சி ஒரு வழி காட்டினார். 1978ல தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வந்துது இல்லையா, அதுக்கு முன்னே வெட்டினதா இருந்தா லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழிச்சிருக்கும். ணா, றா, னாவும் வேற மாதிரி இருக்கும். எங்க பித்தளை அண்டாவுல அந்த எழுத்துதான். என் பசங்க அதைப் படிக்கத் திணறுவாங்க. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க பேரு எழுத்துல இருக்கிறது ரேஷன் கார்டுலயும் அந்த அண்டாவுலயும்தான். கார்டு போயிட்டுது.

அண்ணாச்சி கடையில கத்துக்கிட்டது நிறைய. பித்தளைக்கு ஈயம் பூசாம புளி போட்டுச் சமைச்சா களிம்பு இறங்கிடும். அதுக்காகத் தெருவுல துருத்தியோட ஈயம் பூசறவர் வருவார். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயத்தை இழுத்துப் பஞ்சால ஒரு சுத்து சுத்துவார் பாருங்க, கருப்பா இருந்தது நிலா மாதிரி ஆயிடும். அவரு வர்றது நின்னதும் பித்தளை பரணுக்குப் போச்சு, எவர்சில்வர் அடுப்பாங்கரைக்கு வந்துது. நிறைய வீட்டுல பழைய பித்தளையை எடைக்குப் போட்டுத்தான் எவர்சில்வர் எடுத்தாங்க.

இப்போ ஈயச்சொம்புல ரசம் வைக்கணும்னு உங்கள்ல பல பேர் தேடுறீங்க. ஒண்ணு சொல்றேன். ஈயம்னா வெள்ளீயமா இருக்கணும், காரீயம் கலந்திருந்தா அது விஷம். சந்தேகம் வந்தா வெள்ளைக் காகிதத்துல அழுத்தித் தேய்ச்சுப் பார்க்கச் சொல்வார் அண்ணாச்சி. காரீயம் பென்சில் மாதிரி கருப்பாக் கோடு விடும். கோடு விழுந்தா வேண்டாம்னு வச்சிடுங்க. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிடும். அதனால புளித்தண்ணியை ஊத்தின பிறகுதான் சொம்பை அடுப்புல ஏத்தணும். வெறும் சொம்பை வச்சிட்டுப் போன் பேசப் போனீங்கன்னா திரும்பி வரும்போது சொம்பு இருக்காது.

எவர்சில்வர்லயும் அப்படித்தான். காந்தம் ஒட்டலைன்னா ஒசத்தின்னு ஒரு நம்பிக்கை இருக்கு. 304ங்கிற தரத்துல நிக்கல் அதிகம், விலையும் கூட. 202ல நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்திருப்பாங்க. ரெண்டுலயுமே காந்தம் ஒட்டாது. அப்புறம் காந்தத்தை வச்சு என்ன கண்டுபிடிக்கிறது? ரெண்டு தரத்துக்கும் கிலோ விலை வேற வேற. எது எதுன்னு கேட்டா அண்ணாச்சி மறைக்காமச் சொல்வார். இண்டக்‌ஷன் அடுப்புக்குன்னா மட்டும் அடியில காந்தம் ஒட்டியே ஆகணும்.

போன தையில மகளுக்குக் கல்யாணம். சீர்ப் பாத்திரம் எங்கே எடுக்கிறதுன்னு வீட்டுல பெரிய பேச்சு. மகள் போனைக் காட்டி, "அப்பா, இதே குக்கர் இதுல எழுநூறு ரூபா கம்மி"ன்னா. நான் மறுத்துப் பேசல. எழுநூறு ரூபாய்க்கு எத்தனை கட்டு கீரை விக்கணும்னு எனக்குத் தெரியும். குக்கர், மிக்சி ரெண்டும் போன்லயே வாங்கினோம். மத்ததெல்லாம் அண்ணாச்சி கடை. "பேரெல்லாம் வேணாம்பா, ஃப்ளாட்டுல யாரு வந்து அண்டா கேக்கப் போறாங்க"ன்னு அவ சொன்னதுக்கு அண்ணாச்சி, "அடியில சின்னதாப் போடுதேன் பாப்பா, கவுத்தாத்தான் தெரியும்"னார். அப்படியே போட்டும் குடுத்தார்.

ஆறு மாசத்துல அந்தக் குக்கர்ல காத்து வெளியேற ஆரம்பிச்சுது. வாஷர் போயிட்டுது. குக்கர் அவர்கிட்ட வாங்கலையேன்னு மகளுக்குக் கூச்சம். மூடியை மட்டும் பையில போட்டு என்கிட்ட குடுத்து அனுப்பினா. அவர் எங்கே வாங்கினீங்கன்னு கேக்கவே இல்ல. மூடியைத் திருப்பிப் பார்த்தார், கொத்தா மாட்டியிருந்த வாஷர்ல ஒண்ணை உருவிப் போட்டார், கைப்பிடி ஸ்குருவையும் முறுக்கிக் குடுத்தார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் செடி வாங்கப் போறதுண்டு. அங்கே பழைய சாமான் போடுறவங்ககிட்ட இப்போ பேர் வெட்டின பித்தளை நிறைய வருது. போன மாசம் ஒரு தவலையில யாரோ ஒரு அம்மா பேரு, கீழே "அண்ணன் அன்பளிப்பு"ன்னு வெட்டியிருந்துது. சுழிச்ச லை. அந்த அண்ணன் யாரோ, எந்த அறுப்புக் காசோ. ஒருத்தர் அதைப் பூச்செடி வைக்கணும்னு வாங்கினார். தேய்ச்சா அந்த எழுத்து போகுமான்னு கேட்டார். கடைக்காரர் போகும்னார். என்னால அங்கே நிக்க முடியல, நடந்துட்டேன்.

அதுக்கு மறுவாரம்தான் அண்ணாச்சி சொன்னார், ஆடியோட கடையை விடப் போறாராம். வாடகை ஏறிட்டுது, மகன் பெங்களூர்ல வேலையில இருக்கான், அவன் வரப் போறதில்ல. நோட்டை எடுத்துக் காட்டினார். எங்க தெருவுல நெல்லு போட்ட வீட்டுப் பேரெல்லாம் அதுல இருக்கு. பாதிப் பேர் நிலத்தை வித்துட்டாங்க. பாக்கி ஒண்ணும் பெருசா இல்லைன்னு மூடி வச்சிட்டார்.

மகளோட குக்கருக்கு வாஷர் ஒரு டஜன் குடுங்க அண்ணாச்சின்னேன். ரெண்டுதான் குடுத்தார். ரப்பரை சும்மா வச்சிருந்தா இறுகிப் போயிடுமாம், காசு வீணாம்.