பயாங்கா: யானைகள் கூடும் காட்டின் வாசல்

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தென்மேற்கு மூலையில், சங்கா ஆற்றங்கரையில் இருக்கிறது பயாங்கா. தலைநகர் பாங்கியிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். 1970களில் மர ஆலை வந்ததும் பெருத்த ஊர். ஆலை மூடும்போதெல்லாம் ஊரும் வாடியது. சுற்றியுள்ள மழைக்காடு 1990இல் ட்சாங்கா-சங்கா காப்பகமானது. 2012இல் கேமரூன், காங்கோ எல்லைக் காடுகளோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாகவும் ஆனது.

இங்கே ஜீப்பில் உட்கார்ந்தபடி விலங்கு பார்க்க முடியாது. ஓடைத் தண்ணீரில் இறங்கி, காட்டு வழியே நடந்துபோய் மரமேடை ஒன்றில் ஏற வேண்டும். எதிரே ட்சாங்கா பாய் என்னும் பரந்த திறந்தவெளி. தாது உப்பு நிறைந்த அந்த மண்ணைத் தேடிப் பல நாட்களில் ஐம்பது, நூறு காட்டுயானைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். குழிக்குள் துதிக்கையை ஆழமாக விட்டு ஊதிச் சேற்றைக் கலக்கி, உப்பு நீரை உறிஞ்சும். நல்ல குழிக்குப் போட்டி உண்டு. பெரிய ஆண் யானை வந்தால் மற்றவை விலகிவிடும்.

யானை ஆய்வாளர் ஆண்ட்ரியா துர்காலோ 1990 முதல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த யானைகளைக் கவனித்து, காதின் கிழிசலையும் தந்தத்தின் வடிவையும் வைத்து ஆயிரக்கணக்கானவற்றைத் தனித்தனியாக அடையாளம் கண்டார். அவருடைய பதிவுகளிலிருந்துதான் காட்டுயானை எவ்வளவு மெதுவாகப் பெருகுகிறது என்பது தெரிந்தது: முதல் குட்டி பெரும்பாலும் 23 வயதுக்குப் பிறகு, அடுத்தது ஐந்தாறு ஆண்டு கழித்து. 2013 மே மாதம், நாட்டில் ஆட்சி கவிழ்ந்திருந்த குழப்பத்தில், ஆயுதக் கும்பல் புகுந்து இந்தத் திறந்தவெளியில் 26 யானைகளைக் கொன்றது. யானை பெருகும் இந்த மெதுவான கணக்கு தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இழப்பின் பெரும்பாரம் புரியும். காவலர்களும் ஆய்வாளர்களும் பயணிகளும் மேடையில் தொடர்ந்து இருப்பதே ஒரு பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொரில்லா பார்க்கப் போனால் முன்னே நடப்பவர்கள் இந்தக் காட்டின் பூர்வகுடிகளான பாஆக்கா மக்கள். மென்று துப்பிய தண்டு, இலைமேல் பதிந்த விரல்முட்டியின் தடம் ஆகியவற்றைப் பார்த்தே கூட்டம் எங்கே போனது என்று சொல்லிவிடுவார்கள். நெருங்கியதும் நாக்கால் 'டக், டக்' என்று ஒலி எழுப்பித் தங்கள் வரவை அறிவிப்பார்கள். மகும்பா என்ற ஆண் கொரில்லாவின் குடும்பம் மனிதரைக் கண்டு ஓடாமல் பழகியது, இவர்கள் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பின்தொடர்ந்ததால்தான். பயணிகளுக்கு ஒரு மணி நேரமே அனுமதி, அதுவும் முகக்கவசத்தோடு. நம் சளிக்காய்ச்சல் கொரில்லாவுக்கு எமனாகலாம்.

காடு காப்பகமானதும் பாஆக்காவின் பழைய வேட்டைவெளி சுருங்கிவிட்டது. காவலர்கள் துன்புறுத்தியதாகவும் புகார்கள் எழுந்தன. அவற்றைக் கேட்க ஊரில் மனித உரிமை மையம் ஒன்று இயங்குகிறது. யானை பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் போய், அதன் வேலையைக் கேட்டறிந்து வரவேண்டும்.