நாலாம் நம்பர் காற்று

போன சித்திரையில் எங்கள் பழைய காரின் ஏ.சி. மக்கர் செய்தது. குமிழை 1, 2, 3-ல் வைத்தால் காற்றே வராது. 4-ல் வைத்தால் புயல். வீட்டுக்காரிக்கு வீசிங் உண்டு; குளிர்காற்று முகத்தில் அடித்தால் இழுப்பு வந்துவிடும். ஏ.சி.யை அணைத்தால் புழுக்கம், கண்ணாடியை இறக்கினால் புழுதி. விருதுநகரிலிருந்து மாதாமாதம் மதுரை டாக்டரிடம் போவதே தண்டனையாகிவிட்டது.

"புளோயர் மோட்டார் போச்சு சார், புதுசு போடணும்" என்றார் மெக்கானிக். மோட்டார் போயிருந்தால் நாலில் மட்டும் எப்படிச் சுற்றும்? முப்பது வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவனிடமா!

வேகத்தைக் குறைப்பது ரெசிஸ்டர். நாலாம் நம்பரில் மட்டும் கரண்ட் அதைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போகும். கிளவ் பாக்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தேடினேன். (எழுந்திருக்கப் பேரன்தான் கை கொடுத்தான்.) இரண்டு ஸ்குரூவைக் கழற்றியதும் கையோடு வந்தது. அதிலிருந்த தெர்மல் ஃபியூஸ் கருகிக் கிடந்தது.

ரெசிஸ்டரின் சூடு ஆறுவதும் அந்தப் புளோயர் காற்றில்தான். சந்தேகப்பட்டு ஏ.சி. ஃபில்டரை உருவினேன். வேப்பஞ்சருகும் புழுதியும் மெத்தைபோல் அடைத்திருந்தன. காற்றுக்கு வழியில்லை, அது வெந்துவிட்டது. ஃபில்டர் மாற்றி மூன்று வருஷம். மாற்ற வேண்டியவன் நான்தான். இந்த மெத்தை வழியாக வந்த காற்றைத்தான் அவள் இத்தனை நாள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டையும் புதிதாகப் போட்டேன். அடுத்த முறை ஒன்றாம் நம்பரில் போனோம். திருமங்கலம் தாண்டும்வரை ஃபில்டருக்காகத் திட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது.