உழைச்செல்வானின் ஊதியம்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். உழை என்றால் பக்கம், அண்மை. நோயாளியின் அருகிலிருந்து வேண்டுவன செய்பவனே உழைச்செல்வான். ஆங்கிலத்தில் ‘பாராமெடிக்’ என்கிறார்களே, அதன் முன்னொட்டான ‘பாரா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் பக்கத்தில் என்பதே பொருள். இரண்டு மொழிகள் ஒரே ஆளை ஒரே இடத்தில், நோயாளியின் பக்கத்தில், நிறுத்திப் பெயரிட்டிருக்கின்றன. இதைப் பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறோம். வள்ளுவர் இவனை மருத்துவனுக்கு ஏவலாளாகச் சொல்லவில்லை, நான்கில் ஒரு கூறாகவே எண்ணினார் என்றும் சேர்த்துச் சொல்வதுண்டு.

அந்த நான்கில் ஒரு கூறுக்கு நம் காலம் என்ன விலை வைத்திருக்கிறது என்பதை எழுதத் தூண்டியவர் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற மாணவர் ஒருவர். இளம் அறிவியல் விலங்கியல் படித்தவர். 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறார். நம் ஊரை ஒட்டிய நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு புளியமரத்தடியில்தான் அவருடைய வண்டி நிற்கும்.

108 சேவை 2005-இல் ஐதராபாத்தில் தொடங்கியது. தமிழகத்துக்கு 2008 செப்டம்பரில் வந்தது. வண்டியும் செலவும் அரசுடையவை. நடத்துவது, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு தனியார் அமைப்பு. ஒவ்வொரு வண்டியிலும் இருவர் இருப்பர். ஒருவர் ஓட்டுநர். (அவரைப் ‘பைலட்’ என்று அழைக்கிறார்கள். பெயரில் மட்டும் ஆகாயம்.) மற்றவர் பின்னால் நோயாளியோடு அமரும் மருத்துவ உதவியாளர். பாம்புக்கடியோ, பூச்சிமருந்து குடித்தவரோ, மாரடைப்போ, நிறைமாதப் பெண்ணோ, மருத்துவமனை வாயில் வரும்வரை அவர் பொறுப்பு. கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர் தொலைபேசியில் வழி சொல்வார். கை இவருடையது. வண்டி பாதி வழியில் நிற்க, குழந்தையை இவர் கையில் ஏந்திய செய்தியை நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் நான்கு வரிக்கு மேல் வராது.

இனி, இவ்வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு. மாவட்டந்தோறும் நடக்கும் முகாம்களுக்காக அது வெளியாகும்போதெல்லாம் நம் துறை அறிவிப்புப் பலகைக்கும் ஒரு படி வந்துவிடும். செவிலியர் படிப்போ ஆய்வக நுட்பப் படிப்போ முடித்திருக்க வேண்டும், அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற உயிரறிவியல் பட்டம் வேண்டும். வயது 19 முதல் 30. எழுத்துத் தேர்வு, முதலுதவியும் உடற்கூறும் பற்றிய தேர்வு, நேர்காணல். தேறியவர்க்கு வகுப்பறை, மருத்துவமனை, வண்டி என மூன்றிடத்திலுமாக 50 நாள் பயிற்சி. தமிழகத்தில் எந்த ஊரிலும், இரவு பகல் எந்த முறையிலும் பணியாற்ற இசைய வேண்டும். இத்தனைக்கும் 2023-ஐ ஒட்டி வந்த அறிவிப்புகளில் ஊதியம் 15,435 ரூபாய். பத்தாம் வகுப்புத் தகுதியுடைய ஓட்டுநருக்கு 15,235. இரண்டும் பிடித்தங்களுக்கு முந்திய மொத்தத் தொகை. 2025-இல் வந்த அறிவிப்புகளில் இது 21 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. இருவருக்கும் இடையிலான 200 ரூபாய் மட்டும் மாறவில்லை.

ஓட்டுநருக்குக் குறைவாகத் தர வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நள்ளிரவில் மழையில் ஊர்ச்சந்துக்குள் அந்த நீள வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்க்குத் தெரியும் அவருடைய வேலை என்னவென்று. ஆனால் மூன்றாண்டுப் பட்டத்தையும் 50 நாள் பயிற்சியையும், ஒரு மனிதனின் மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் பொறுப்பையும் மாதம் 200 ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்களே, அந்தக் கணக்கைப் போட்டவர் யாரென்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

தொகை சிறிது என்பது வெளிப்படை. நம்மை அதைவிட உறுத்துவது வேறொன்று. அதே அறிவிப்புப் பலகையில் பக்கத்திலேயே இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு அறிவிப்பு ஒட்டியிருந்தது. தகுதி பத்தாம் வகுப்பு. ஊதியம் 18,200 – 67,100. தொகுதி நான்கில் வரும் இளநிலை உதவியாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் 19,500 – 71,900. இவற்றின்மேல் அகவிலைப்படி தனி. காவலரின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. வாசகர் பார்க்க வேண்டியது எண்களை அல்ல, இரண்டு எண்களுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சிறு கோட்டை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு முதுமை இருக்கிறது. ஆண்டு உயர்வு, பதவி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தக் கோட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. 108 அறிவிப்பில் ஒரே ஓர் எண்தான், கோடு இல்லை. தொடக்க ஊதியம் என்ற சொல்லுக்கே தொடர்ச்சி ஒன்று உண்டென்பது உட்கிடை. இங்கே தொடக்கத்தை மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள்.

“வருசா வருசம் ஏத்துறாங்கய்யா. ஆனா எவ்வளவுன்னு யாருக்கும் முன்னாடியே தெரியாது. தெரிஞ்சா ஒரு வீட்டுக் கடன் கேக்கலாம்” என்றார் நம் மாணவர். வங்கி மேலாளர் கேட்பதும் அந்த இரண்டாவது எண்ணைத்தானே!

பணிநேரம் பற்றி ஒரு செய்தி. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்க்கென 1961-இல் ஒரு சட்டம் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வரையறுத்த நல்ல சட்டம். அதன் பிற்பகுதியில் விலக்குகள் என்றொரு பிரிவு உண்டு. நோயாளிகளையும் காயமுற்றோரையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது அது. அவசரத்துக்குக் கடிகாரம் கிடையாது என்று சட்டம் எழுதியவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அன்று அது எப்போதோ ஓடும் மருத்துவமனை வண்டியைப் பற்றிய பேச்சு. நாள் முழுதும் சாலையில் நிற்பதையே தொழிலாகக் கொண்ட பல்லாயிரவர் பின்னாளில் வருவார்கள் என்பது அவர்கள் கண்ணுக்குப் பட்டிருக்காது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துள் அப்பழைய சட்டம் கரைந்துவிட்டது. நம் மாணவரின் முறை இன்றும் பன்னிரண்டு மணி நேரம். இரவு எட்டுக்கு ஏறினால் காலை எட்டு. எட்டுக்குச் சில நிமிடம் முன்பு ஓர் அழைப்பு வந்து, அரசு மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அன்று பன்னிரண்டு என்பதும் இல்லை.

சலுகைகள் என்று அறிவிப்பில் இரண்டு சொல்கிறார்கள். ஒன்று வருங்கால வைப்பு நிதி. சம்பளத்தில் பிடிக்கும் பணம் பிறகு திரும்பி வருவதைச் சலுகை என்று கொள்வோமாயின் அது சலுகைதான். நிறுவனத்தின் பங்கும் சேர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மற்றது தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. இதில் ஒரு நுட்பம் உண்டு. 2017 சனவரியில் இதற்கான ஊதிய வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதைத் தாண்டினால் காப்பீட்டிலிருந்து வெளியே. ஆக, இந்த ஊதியம் அந்த எல்லைக் கல்லின்மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தப் படி கணக்கில் சேரும், எது சேராது என்பதைப் பொறுத்து, நாளெல்லாம் பிறரை மருத்துவமனையில் சேர்ப்பவர் தம் தாயைச் சேர்க்க எங்கே போவது என்பது முடிவாகும். சில நூறு ரூபாய் உயர்வு வந்து ஓர் ஆளை முன்னைவிட ஏழையாக்கும் விந்தையை நாம் புனைகதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

வேறு சில எண்களும் இங்கே நினைவுக்கு வருகின்றன. 2021 மே மாதம் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாயிலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. படுக்கை ஒழியும்வரை நோயாளி வண்டிக்குள்ளேயே. பக்கத்தில், முழு உடற்கவசத்துக்குள் வியர்வையில் ஊறியபடி, உருளையின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உழைச்செல்வான். கொரோனாப் பணியில் உயிரிழக்கும் மருத்துவப் பணியாளர்க்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை நடுவண் அரசு 2020 மார்ச்சில் அறிவித்தது. ஒப்பந்தப் பணியாளரும் அதில் அடக்கம். வேண்டிய திட்டம்தான். ஆயினும் 2023-இன் மாத ஊதியத்தால் அத்தொகையை வகுத்துப் பார்த்தோம். இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் வந்தது. இறந்தால் ஒரு முழுப் பணிக்காலத்தின் ஊதியம் உறுதி. இருந்தால் அடுத்த தீபாவளிக்குப் போனஸ் உண்டா இல்லையா என்பதே உறுதியில்லை. பல தீபாவளிகளை ஒட்டி இவர்களின் வேலைநிறுத்த அறிவிப்பும், இது அத்தியாவசியப் பணி என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வந்திருக்கின்றன. அத்தியாவசியம் என்ற சொல் வேலையை நிறுத்தாதே என்பதற்குப் பயன்படுகிறது. ஊதியம் பேசும்போது அது எங்கோ போய்விடுகிறது.

விபத்தில் படுகாயமுற்றவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்க்கும் பொதுமக்களுக்கு 2021-இல் 5,000 ரூபாய் வெகுமதி அறிவித்தார்கள். 2025-இல் அதை 25,000 ஆக உயர்த்தினார்கள். வழிப்போக்கர் ஒருவர் ஒருமுறை செய்தால் 25,000. அதையே நாள்தோறும் செய்பவருக்கு மாதம் முழுமைக்கும் அதைவிடக் குறைவு. வெகுமதியை நாம் எதிர்க்கவில்லை. அடிபட்டவரை விட்டு விலகிப்போகும் மக்களை நெருங்கி வரச் செய்ய ஏதேனும் வேண்டும்தான். ஆனால் அரசின் மனக்கணக்கில் ஓர் உயிர் என்ன மதிப்புப் பெறுகிறது என்பது அதில் தெரிந்துவிடுகிறது. மக்களுக்கு ஒரு மதிப்பு, பணியாளுக்கு வேறு.

இந்த வேறுபாட்டை ஒரு சொல் மூடி வைத்திருக்கிறது என்பது நம் எண்ணம். சேவை என்பதே அச்சொல். வேலை என்றால் கூலி கேட்கலாம். சேவை என்றால் கேட்பவர் சிறுத்துப் போகிறார். நம் தொழிலிலும் இப்படி ஒன்று உண்டு. முதுகலை முடித்துப் பல ஆண்டுகள் நாம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தோம். தொகுப்பூதியம். கோடை விடுமுறைக்கு அதுவும் கிடையாது. ஊதியத்தில் குறைந்ததைப் பெயரில் ஈடுசெய்யலாம் என்று கண்டறிந்தவர் சொல்லாராய்ச்சியில் தேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். புகழ் அதிகாரத்தில் ஊதியம் என்ற சொல்லை வள்ளுவர் பேறு, ஆதாயம் என்ற பொருளில் ஆள்கிறார். பழைய பொருளில் பார்த்தால் நம் மாணவருக்கு ஊதியம் நிறையவே உண்டு. இன்றைய பொருளில்தான் தட்டுப்பாடு.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. ஏழைக்குக் காசில்லாமல் வண்டி வருகிறது, எண்ணற்ற உயிர்கள் பிழைத்திருக்கின்றன, செலவைக் கூட்டினால் வண்டிகள் குறையும் என்பார்கள். முதலிரண்டும் உண்மை. மூன்றாவதில் ஒரு பிழை இருக்கிறது. குறைந்த ஊதியமும் ஒரு செலவுதான், அது வேறு ஏட்டில் எழுதப்படுகிறது. நம் மாணவர் இப்பணிக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் நரம்பு தேட இரண்டு மூன்று முறை குத்த வேண்டியிருந்ததாம். இப்போது ஓடும் வண்டியில், குண்டுங்குழியுமான சாலையில், ஒரே முறை. “நோயாளி முகத்தப் பாத்தாலே இது வாய்வா, இதயமான்னு ஒரு சந்தேகம் தட்டும் ஐயா. அது புத்தகத்துல இல்ல” என்றார். அந்தச் சந்தேகத்துக்குப் படிநிலையில் இடம் கிடையாது. இங்கிலாந்தின் தேசிய நலச்சேவையில் புதிதாகத் தேர்ந்த பாராமெடிக் ஐந்தாம் ஊதியப் படியில் தொடங்குகிறார். மேற்பார்வையில் இரண்டு ஆண்டுகள் தேறியபின் ஆறாம் படிக்குப் போகிறார். அங்கும் வேலைநிறுத்தங்கள் நடக்கின்றன, எல்லாம் சொர்க்கமில்லை. ஆனால் இரண்டாண்டு அனுபவம் என்று ஒன்று உண்டென்பதைத் தாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இங்கேயும் 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்து, அவசர மருத்துவ நுட்புநரைத் தன் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்தது. கல்விக்கும் பதிவுக்கும் அது வழி செய்கிறது. ஊதியம் அதன் பொருளன்று.

நம் மாணவர் இப்போது தொகுதி நான்கு தேர்வுக்குப் படிக்கிறார். தேர்ச்சி பெற்றால் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நரம்பை ஒரே முறையில் பிடிக்கும் கைக்கு அங்கே வேலை இராது. புளியமரத்தடி வண்டியில் 50 நாள் பயின்ற இன்னொருவர் ஏறுவார். விட்டுவிடாதே என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது.

போன வாரம் அழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வாம். சனி இரவுப் பணியை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையாம். பொதுத்தமிழில் ஆகுபெயர் வகைகள் மட்டும் குழம்புகின்றன, ஒருமுறை சொல்ல முடியுமா ஐயா என்று கேட்டார். தொலைபேசியிலேயே தொடங்கினோம். இடவாகுபெயர் முடிந்து காலவாகுபெயருக்கு வரும்போது, “கேஸ் வந்துருச்சு ஐயா, அப்புறம் கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு, பணி முடிந்து பேருந்தில் வரும்போது, மீண்டும் அழைத்தார். விட்ட இடத்திலிருந்து நடத்தினோம்.