இரண்டு புரொசசரும் ஒரு பூட்டிய அறையும்

எமது நிலையத்தின் பின்னறையில் இரும்பு அலுமாரிகள் இரண்டு நிற்கின்றன. அவற்றுக்குள் இருப்பவை கடதாசிகள்தான். ஆனால் அவை என்ன கடதாசிகள் என்பது இதை வாசிக்கும் உங்களில் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, காணாமல்போனோர் பற்றிக் கொடுத்த மனுக்களின் பிரதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், முகாமில் தந்த பதிவு அட்டை, ஓரம் நைந்த ஒரேயொரு புகைப்படம். 2009இல் எத்தனையோ இடம் மாறி, ஷொப்பிங் பையில் சுற்றி, மழையிலும் வெயிலிலும் நெஞ்சோடு வைத்துக் கொண்டுவந்த கடதாசிகள் இவை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டவர்களின் விபரங்களும் அதே அலுமாரியில்தான் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு மேசைக் கணனியில் வைத்திருந்தோம். அந்தக் கணனி ஒருநாள் எழும்பவில்லை. பட்டணத்தில் ஒரு திருத்தும் கடைக்குக் கொடுத்தார்கள். பத்து நாளில் திரும்பி வந்தது. அதன்பிறகு சில கிழமைகளில், எம்மிடம் வந்துபோகும் ஒரு பெண்ணிடம் சந்தையில் வைத்து யாரோ அவருடைய மனுவைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். கடையிலிருந்துதான் கதை போனது என்று சொல்ல என்னிடம் சாட்சி இல்லை, ஆகவே சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெண் பிறகு எமது படியேறவில்லை. நான் இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். கதைக்கவில்லை.

2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று எமது நாட்டில் நிறைவேற்றப்பட்டது. சட்டம் இருப்பது நல்லது. ஆனால் கணனியைத் திறக்கத் தெரியாதவர்கள், திறக்கத் தெரிந்தவரிடம் அதைத் தூக்கிக் கொடுக்கும்வரை எந்தச் சட்டமும் அலுமாரிக்குப் பூட்டுப் போடாது என்பது என் எண்ணம்.

இப்படியிருக்கும்போது கொழும்பில் ஓர் அலுவலகம் தனது பழைய சேர்வர்களைக் கழித்தது. அதிலொன்றின் பாகங்கள் தனித்தனிப் பெட்டிகளில் எமக்கு வந்தன. சுப்பர்மைக்ரோ மதர்போர்ட் ஒன்று, இன்டெல் ஸியோன் ஈ5-2620 வி2 புரொசசர் இரண்டு, எட்டு ஜிகாபைட் நினைவகத் தட்டுகள் எட்டு. 2013இல் வெளிவந்த புரொசசர்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கோர், ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒரு நலன்புரி நிலையத்துக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். கோப்புகளுக்கு மட்டும் என்றால் அதிகம்தான். ஆனால் எமது பயிற்சி வகுப்பில் ஹார்ட் டிஸ்க் பழுதாகிப்போன பழைய கணனிகள் பல கிடந்தன. சேர்வரிலிருந்தே அவற்றை இயக்கலாம். பிள்ளைகளுக்குத் திரையும் விசைப்பலகையும் போதும், கணக்கெல்லாம் பின்னறைப் பெட்டி பார்க்கும். அதற்கு இரண்டு புரொசசர் வேண்டும்தான்.

நான் படித்தது சமூகவியல். பூட்டித்தர வந்த தம்பி ஒருவர், "அக்கா, இது பொம்பிளையள் செய்யிற வேலை இல்லை, பெட்டியை என்னட்டத் தாங்கோ, கொண்டுபோய்ப் பூட்டித் தாறன்" என்றார். கொண்டுபோவதுதானே எமது பிரச்சினை! அமெரிக்காவில் 1946இல் எனியாக் என்ற கணனியைப் பத்திரிகைக்காரருக்குக் காட்டினார்கள். அறையை நிறைத்துக்கொண்டிருந்த அந்த இயந்திரத்தில் வயர்களைக் கையால் மாற்றி மாற்றிச் செருகி அதற்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். நீண்ட காலம் அவர்களுடைய பெயரை யாரும் சொல்லவில்லை. இதை அந்தத் தம்பிக்குச் சொன்னேன். சிரித்துவிட்டு, இங்கேயே இருந்து காட்டித்தர ஒப்புக்கொண்டார். நல்ல பிள்ளை.

மேசைக்கு நாங்கள் மூன்று பேர் வந்தோம். நான், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு தங்கச்சி, எமது தையல் பகுதிக்குப் பொறுப்பான அக்கா. அக்காவை நான்தான் இழுத்து வந்தேன். காரணம் இருந்தது. இந்த வகைப் புரொசசரின் அடியில் ஊசி கிடையாது, தட்டையான புள்ளிகள்தான். ஊசிகள் இருப்பது போர்ட்டில் உள்ள குழியில். ஒரு குழிக்கு 2011 ஊசிகள். மயிர்போன்றவை. விரல் பட்டால் வளையும், வளைந்தால் அநேகமாகப் போர்ட்டே போய்விடும். கைநடுங்காமல் மணிவேலை செய்கிற விரல் எங்கள் நிலையத்தில் அக்காவுடையதுதான்.

சோளகம் வீசுகிற காலம். காற்று காய்ந்திருந்தால் உடலில் நிலைமின் சேரும். அதனால் நைலக்ஸ் சாறி வேண்டாம், பருத்தி உடுத்துங்கள் என்று முதல்நாளே சொல்லிவிட்டோம். வேலை தொடங்குமுன் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் போர்ட்டைத் தாங்குகிற பித்தளைக் குமிழ்கள், போர்ட்டில் துளை இருக்கிற இடத்தில் மட்டுமே நிற்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று நின்றால் அது போர்ட்டின் அடிப்பக்கத்தில் முட்டி மின்னைக் குறுக்கே கொண்டுபோகும். தங்கச்சி போர்ட்டைக் கடதாசியில் வைத்துத் துளைகளைப் பென்சிலால் வரைந்து, அதைப் பெட்டிக்குள் விரித்துச் சரிபார்த்தாள். அக்கா, "பட்டேன் வெட்டிற மாதிரித்தானே" என்றார்.

புரொசசரின் மூலையில் ஒரு சிறு முக்கோணம் இருக்கும். குழியிலும் இருக்கும். இரண்டையும் ஒரே மூலைக்குக் கொண்டுவந்து நேராக வைத்தால் தானாக அமரும். அமுக்கக் கூடாது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் வைத்தார். பிறகு இரண்டு பக்கத்து நெம்புகளையும் மடக்கிப் பூட்டினோம். அதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும், பயப்படத் தேவையில்லை. மேலே வெப்பப் பசை, ஒரு பயறளவு போதும். அதன்மேல் வெப்பம் கடத்தும் உலோகக் கட்டியை வைத்து, நாலு ஸ்குரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கினால் மறுபக்கம் தூக்கும். இந்த 2011 குழியில் ஸ்குரூத் துளைகள் சதுரமாகவும் வரும், ஒடுங்கிய நீள்சதுரமாகவும் வரும். வாங்குகிறவர்கள் எதுவென்று பார்த்து வாங்குங்கள். இரண்டு புரொசசரும் ஒரே மாதிரியானவையாகவும் இருக்க வேண்டும்.

நினைவகத் தட்டுகளை எங்கே செருகுவது என்பதில்தான் எமக்கு நேரம் போனது. பதினாறு செருகிடங்கள் இருந்தன, எம்மிடம் தட்டுகள் எட்டு. அக்கா கேட்டார்: "ஏன் தங்கச்சி, எல்லாத்தையும் ஒரு பக்கத்தில வரிசையாச் செருகினா என்ன?"

கலியாண வீட்டில் இரண்டு பேர் சமைப்பதாக நினையுங்கள் என்றேன். இரண்டு அடுப்பு. முழுச் சாமானும் ஒருத்தியின் பக்கத்தில் இருந்தால் மற்றவள் உப்புக்கும் புளிக்கும் முற்றத்தைக் கடந்து வந்துபோக வேண்டும். சமையல் நடக்கும், ஆனால் பிந்தும். இந்தப் போர்ட்டில் ஒவ்வொரு புரொசசருக்கும் தன்னுடைய நினைவகம் பக்கத்தில் இருக்கிறது. மற்றதன் நினைவகத்தையும் எடுக்கலாம், ஆனால் நடுவிலுள்ள இணைப்பைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை நூமா என்கிறார்கள். ஒவ்வொரு புரொசசருக்கும் நான்கு பாதைகள். ஆகவே பக்கத்துக்கு நான்கு தட்டு, பாதைக்கு ஒன்று, நீல நிறச் செருகிடங்களில். மின்சாரமும் அப்படித்தான். பெரிய இருபத்துநாலு ஊசிச் செருகியோடு, எட்டு ஊசிச் செருகி இரண்டும் வேண்டும். சாதாரணக் கணனியின் பவர் சப்ளையில் பெரும்பாலும் ஒன்றுதான் வரும் என்பதால் அதை மட்டும் புதிதாக வாங்கினோம்.

ஆளியைப் போட்டோம். சேர்வரின் மின்விசிறிகள் தொடக்கத்தில் முழு வேகத்தில் சுழலும். அந்தச் சத்தம், கீச்சென்று ஏறி ஏறிப் போகிற இரைச்சல். அக்கா கையிலிருந்த டோர்ச்சை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் பின்னால் போனேன். மாமரத்தடியில் நின்றார். "கிபிர் வாற மாதிரி இருந்திச்சுது பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே விசிறிகள் தணிந்தன. அவருடைய கணவரின் கோப்பும் அலுமாரியில் இருக்கிறது, 2009ஆம் ஆண்டுக் கோப்பு. அன்றிலிருந்து நாங்கள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். சேர்வரைத் தொடக்குமுன் தையல் பகுதிக்கும் வகுப்புக்கும் சொல்லிவிட்டுத்தான் தொடக்குவது. விசிறி வேகத்தையும் போர்ட்டின் மேலாண்மைப் பக்கத்தில் குறைந்த நிலைக்கு மாற்றினோம். இதை எந்தக் கையேட்டிலும் எழுதமாட்டார்கள்.

திரை வந்தபோது 64 ஜிகாபைட்டுக்குப் பதில் 56 காட்டியது. ஒரு தட்டு தெரியவில்லை. மின்சாரத்தைக் கழற்றி, ஒவ்வொன்றாக எடுத்து, செருகிடங்களைத் தூரிகையால் துடைத்துத் திரும்பச் செருகினோம். பழைய போர்ட் அல்லவா, ஒரு செருகிடத்தில் தூசி அப்பியிருந்தது. பிறகு 64 வந்தது.

பயோஸில் அதிகம் மாற்றவில்லை. செத்துப்போன சிறு பற்றரியை மாற்றி நாளையும் நேரத்தையும் திருத்தினோம். ஒரே பெட்டிக்குள் இரண்டு கணனிகளை இயக்குவதற்கான மெய்நிகர் வசதியைத் திறந்தோம். ஒன்று கோப்புகளுக்கு, மற்றது வகுப்புக்கு. போர்ட்டின் பின்னால் வலையமைப்புத் துளைகள் இரண்டு இருந்ததால் ஒன்றைப் பதிவறைக்கும் மற்றதை வகுப்புக்கும் விட்டு, ஒன்றுக்கொன்று போக வழியில்லாமல் வைத்தோம். கோப்புகளுக்கு வேறு பெட்டியே வைப்பது இன்னும் நல்லது என்பதை மறுக்கமாட்டேன். அதற்குக் காசு வேண்டும்.

அதிகம் கவனிக்க வேண்டியது மூன்றாவது துளை. தூரத்திலிருந்து சேர்வரை நிறுத்தவும் தொடக்கவும் திரையைப் பார்க்கவும் போர்ட்டுக்குள்ளேயே ஒரு சின்னக் கணனி இருக்கிறது. சேர்வர் நிறுத்தியிருந்தாலும், சுவரில் மின்சாரம் இருந்தால் அது விழித்திருக்கும். இத்தகைய பழைய போர்ட்களில் அதற்குத் தொழிற்சாலை வைத்த பெயரும் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். உலகத்துக்கே தெரிந்த திறப்பு! அதை முதலில் மாற்ற வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்தத் துளையில் வயர் இல்லாவிட்டால் அது தானாக மற்றத் துளைக்கு மாறிக்கொள்ளும் வகையில் அமைப்பு இருக்கும். அதையும் தனக்குரிய துளையில் மட்டும் என்று மாற்றினோம். இல்லாவிட்டால், நாங்கள் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்திருப்போம்.

ஹார்ட் டிஸ்க் இரண்டும் ஒன்றையே எழுதுகின்றன. ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். ஆனால் தவறி அழித்தால் இரண்டிலும் அழியும், ஆகவே வேறொரு பிரதி கட்டாயம் வேண்டும். கோப்புகளின் டிஸ்க் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. கழற்றிக் கொண்டுபோனாலும் கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாது. அந்தச் சொல்லின் ஒரு பாதி இணைப்பாளருக்குத் தெரியும், மறுபாதி பதிவுகளுக்குப் பொறுப்பானவருக்கு. கோயில் உண்டியல் போல இருவரும் வந்தால்தான் திறக்கும். மின்சாரம் நின்று யூ.பி.எஸ்ஸும் தீர்ந்தால் மறுபடி இருவரும் வரவேண்டும். ஒருவர் விடுமுறையில் இருந்தால் அன்றைக்குக் கோப்பு இல்லை. இதைப் பற்றி என்னிடம் முறைப்பாடு சொல்லாதவர்கள் இல்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மூன்றாவது தடவையும் போனேன். இப்போது யார் பார்க்கலாம், யார் பார்க்க முடியாது என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியாது. தன்னுடைய ஸ்கேன் பிரதிகளை அழித்துவிடச் சொன்னார். இரண்டு டிஸ்கிலும் பழைய பிரதியிலும் அழித்து, கடதாசிகளை அவர் கையில் கொடுத்தோம். அது அவருடைய உரிமை.

வெள்ளிக்கிழமைகளில் தங்கச்சி பிரதி எடுக்கிறாள். அவளுக்கு இப்போது நிலையத்தில் பகுதிநேரச் சம்பளம் உண்டு. ஐப்பசியில் இடிமின்னல் தொடங்குமுன் நிலத்தொடுப்புக் கம்பியைச் சோதிக்க வேண்டும், யூ.பி.எஸ் பற்றரியும் மாற்ற வேண்டும் என்று நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறாள்.