தள்ளாத வயசில் தள்ளாத பலகை

வயசு நாப்பத்தேழு. மூணு மாசச் சராசரி சர்க்கரை 6.3. வலது முட்டியில ஜவ்வு கிழிசல். இந்த மூணையும் வச்சுக்கிட்டு ஒருத்தன் "ஸ்கேட்போர்டு ஓட்டப் போறேன்"னு சொன்னா வீட்ல என்ன சொல்லுவாங்களோ, அதைத்தான் தங்கமணியும் சொன்னாங்க. அச்சில் ஏற்ற முடியாததால் அதை விட்டுடறேன்.

டாக்டர் ஓடக்கூடாதுன்னுட்டார். நடங்க, சைக்கிள் ஓட்டுங்கன்னார். நடந்தேன், போரடிச்சுது. சைக்கிளுக்குக் காத்தடிக்கலாம்னு கராஜுக்குப் போனப்பதான் மேல் தட்டுல, பழைய சூட்கேஸுக்குப் பின்னாடி, என் பொண்ணோட லாங்போர்டு கண்ணுல பட்டுது.

அது அங்கே எப்படிப் போச்சுங்கறதை முதல்ல சொல்லிடறேன். அவ பதினொண்ணாவது படிக்கும்போது பிறந்தநாள் காசெல்லாம் சேர்த்து 240 டாலருக்கு அதை வாங்கினா. "எஸ்ஏடிக்குப் படிக்கிற நேரத்துல இது என்ன கழைக்கூத்தாடி வேலை?"ன்னு கத்தி, நான்தான் அதைத் தூக்கி மேலே வச்சேன். அவ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. போன ஆகஸ்டுல காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போதும் அதைக் கேக்கல. நானும் மறந்துட்டேன்.

எங்க வீடு வர்ஜீனியாவில் ஆஷ்பர்ன். பக்கத்துலயே டபிள்யூ அண்ட் ஓடி டிரெயில். 1968ல மூடின ரயில் பாதையைத் தார் போட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஆக்கியிருக்காங்க. ஷர்லிங்டன்ல ஆரம்பிச்சு பர்செல்வில் வரைக்கும் 45 மைல். ரயிலுக்குப் போட்ட பாதைங்கறதால ஏத்த இறக்கம் பெரும்பாலும் மெதுவாத்தான் இருக்கும். சக்கரம் வச்ச எதுக்கும் சொர்க்கம்.

முதல் நாள் ஒரு மைல் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு. வலது காலால உதைச்சா ஒவ்வொரு உதைக்கும் முட்டி அதிருது. மாத்தி இடது காலால உதைச்சா, பலகை மேல நிக்கிற வலது முட்டி மடங்கி மடங்கி வலிக்குது. சரி, இது நமக்கில்லைன்னு திரும்பி வரும்போது ஒரு பெரியவர் எதிர்ல வந்தார். அறுபதுக்கு மேல இருக்கும். கால் தரையில படவே இல்லை. இடுப்பை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டு, பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு சர்ருனு தாண்டிப் போயிட்டார்.

இதுக்குப் பேருதான் பம்ப்பிங். தெரியாதவங்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா, ஊஞ்சல். மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல புளியமரத்துல தாம்புக்கயிறு கட்டி, நின்னுக்கிட்டே உந்தி உந்தி ஆடுவோம். யாரும் தள்ளிவிட வேண்டாம். சரியான நேரத்துல மடங்கி, சரியான நேரத்துல நிமிர்ந்தா தானா ஏறும். இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டு மூணு உதை உதைச்சு கொஞ்சம் வேகம் எடுத்துக்கணும். அப்புறம் தோள் முதல்ல திரும்பும், இடுப்பு பின்னாடியே வரும், கடைசியா கால் பலகையை அழுத்தும். ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியே வரும்போதும் வண்டி கொஞ்சம் முன்னால பாயும். நேரம் தப்பினா, எவ்வளவு முக்கினாலும் நகராது. (ஃபிசியோகிட்ட கேட்டுக்கிட்டேன். ஆழமா மடக்காத வரைக்கும் பரவாயில்லைன்னார்.)

அன்னைக்கு ராத்திரி பொண்ணுக்கு போன் பண்ணினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்பா, என் போர்டையா எடுத்தே?"ன்னா. அதுக்கும் மேல ஒண்ணும் கேக்கல. "அது கார்வ் பண்றதுக்குப்பா. பம்ப்புக்கு ஆகாது"ன்னு ஆரம்பிச்சவ முக்கால் மணி நேரம் பேசினா. பல மாசமா "சாப்டியா", "சாப்ட்டேன்" தாண்டாத போன் அது.

அவ சொன்னதும் நான் பட்டதும் சேர்த்து இங்கே.

முதல்ல டிரக். ("டிரக் வாங்கப் போறேன்"னதும் தங்கமணி வீட்டு லோன் பேப்பரைத் தேடினாங்க.) அச்சும் சக்கரமும் மாட்டுற உலோக பாகத்துக்குத்தான் அந்தப் பேரு. சாதாரண லாங்போர்டுல முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே கோணம், பெரும்பாலும் 50 டிகிரி. நீங்க சாய்ஞ்சா ரெண்டும் ஒரே அளவு திரும்பும். பம்ப்புக்கு அது சரிப்படாது. முன்னாடி நிறைய திரும்பணும், பின்னாடி ரொம்பக் கொஞ்சமாத்தான் திரும்பணும். பின்னாடியும் நல்லா திரும்பினா நீங்க உந்துற பலமெல்லாம் வால் ஆட்டுறதுலயே போயிடும். பழைய ஆளுங்க முன்னாடி பென்னட், பின்னாடி ராண்டல்னு ரெண்டு வேற கம்பெனி டிரக்கைக் கலந்து மாட்டுவாங்களாம்.

எனக்கு அவ்வளவு தூரம் போக மனசில்லை. 130 மில்லிமீட்டர் அகலத்துல 50 டிகிரி டிரக் ரெண்டு வாங்கி (180 அகலம் பம்ப்புக்கு மந்தம்), பலகைக்கும் டிரக்குக்கும் நடுவுல ஆப்பு வச்சேன். சரிவா இருக்கிற பிளாஸ்டிக் துண்டுதான். முன்னாடி ஒரு 10 டிகிரி ஆப்பு வச்சா 60. பின்னாடி ரெண்டு ஆப்பைத் திருப்பி வச்சா 30.

கணக்கெல்லாம் சரி. ஆனா எந்தப் பக்கம் தடி, எந்தப் பக்கம் மெல்லிசுன்னு பாக்காம முன்னாடியும் பின்னாடியும் தலைகீழா மாட்டிட்டேன். முன்னாடி 40, பின்னாடி 70! ஏறினதும் பலகை வால் அறுந்த பல்லி மாதிரி துடிச்சுது. எனக்கு நானே ஆப்பு வச்சுக்கிட்டதுன்னா இதுதான். மாட்டினதும் பலகையைக் கையால சாய்ச்சுப் பாருங்க. முன் அச்சு நல்லா திரும்பணும், பின் அச்சு லேசா அசையணும். இந்த ஒரு சோதனை போதும். இன்னொண்ணு, ஆப்பு வச்சா பழைய போல்ட் எட்டாது. ஒன்றேகால் இஞ்ச் போல்டோட மூணு தடவை கடைக்கு அலைஞ்சேன்.

பலகை. பொண்ணோட பலகையில டிரக் ஓட்டை வழியா மேலே ஏறி உட்காரும், அதுல ஆப்பு வைக்கிறது கஷ்டம். அதனால டிரக் அடியில மாட்டுற பலகையா வேற ஒண்ணு வாங்கினேன். கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கிற மூங்கில் பலகை. ரொம்ப வளைஞ்சா நம்ம பலத்தைப் பலகையே சாப்பிட்டுடும். வளையவே இல்லேன்னா நாள் முழுக்க ரோட்டோட அதிர்ச்சி காலுக்கு. நடுவுல நின்னு குதிச்சா அடி தரையைத் தொடக்கூடாது, ஆனா ஒரு துள்ளல் தெரியணும்.

சக்கரம். 1970களோட தொடக்கத்துல ஃபிராங்க் நாஸ்வொர்த்தின்னு ஒருத்தர் யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டு வர்ற வரைக்கும் களிமண் கலவையும் இரும்பும்தான். சின்னக் கல்லு பட்டாலும் ஆள் காலி. இப்ப 70லேர்ந்து 90 மில்லிமீட்டர் வரைக்கும் கிடைக்குது. பெருசா இருந்தா விரிசல் மேல சுலபமா உருளும், எடுத்த வேகம் நிக்கும். நான் பேராசைப்பட்டு 85 வாங்கினேன். ரெண்டாவது நாள், நல்லா சாய்ஞ்சு ஒரு உந்து உந்தினேன். முன்சக்கரம் பலகையோட அடியில உரசிச்சு, சட்டுனு நின்னுது. வண்டிதான் நின்னுது. நான் நிக்கல.

ஹெல்மெட் போட்டிருந்தேன். மணிக்கட்டுக்குக் காப்பு போடல. மூணு வாரம் இடது கைக்குக் கட்டு. தங்கமணி ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் மணிக்கட்டுக் காப்பு ஒரு ஜோடி வாங்கி மேஜை மேல வச்சாங்க. "ஓட்டாதே"ன்னு சொல்லல, அதைக் கவனிச்சீங்களா?

பொண்ணு போன்ல சிரிச்சா. அப்புறம், "சாய்ச்சுப் பாத்தியா, சக்கரம் தொடுதான்னு?"ன்னு கேட்டா. பாக்கல. திருப்பிப் பாத்தா பலகைக்கு அடியில கறுப்பா ஒரு தடம். 75 மில்லிமீட்டருக்கு இறங்கினேன். கடினம் 80ஏ. வழுக்காம ரோட்டைப் பிடிக்கணும்ங்கறதுதான் முக்கியம். பேரிங்குக்குக் காசு கொட்டாதீங்க. சுத்தமா இருந்தா சாதாரணமே போதும்.

கடைசியா புஷ்ஷிங். டிரக்குக்குள்ள இருக்கிற சின்ன யூரித்தேன் உருளை. விலை ரொம்பக் கம்மி, வித்தியாசம் ரொம்ப அதிகம். 24 மணி நேரத்துல எவ்வளவு தூரம் போக முடியும்னு மயாமி பக்கத்துல கார் பந்தயத் தடத்துல ஒரு போட்டி நடக்கும். 2013ல ஆண்ட்ரூ ஆண்ட்ராஸ்ங்கறவர் 260 மைலுக்கு மேல போயிருக்கார். இந்த மாதிரி தூரம் போற ஒருத்தரோட வீடியோவைப் பாத்து, அவர் போட்ட அதே புஷ்ஷிங்கை நானும் போட்டேன். பலகை தொளதொளன்னு பாயாசத்துல நிக்கிற மாதிரி இருந்துது. பொண்ணு கேட்டா, "அவர் எடை என்னப்பா?" அறுபத்திரண்டு கிலோ. நான் எண்பத்திநாலு.

முன்னாடி 82, பின்னாடி 90ன்னு மாத்தினேன். பின்னாடி நட்டை இன்னும் அரைச் சுத்து முறுக்கினேன். ஏறி ரெண்டு உந்து. அவ்வளவுதான், புளியமரத்து ஊஞ்சல்.

அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை ஆஷ்பர்ன்லேர்ந்து லீஸ்பர்க் கிளம்பினேன், சுமார் ஏழு மைல். டேட்டா சென்டர் சுவருங்களையும் கல்குவாரியையும் தாண்டி, கூஸ் கிரீக் பாலத்தைத் தாண்டி, இலையெல்லாம் சிவந்து கிடந்த நிழல்ல நெளிஞ்சு நெளிஞ்சு போனேன். ரோடு குறுக்கே வந்த இடத்துல இறங்கி நடந்தேன். மத்தபடி வேகம் குறைஞ்சா ரெண்டு உதை, அவ்வளவுதான். ஒண்ணேகால் மணி நேரம். முட்டி வலிக்கல. தொடைதான் ரெண்டு நாள் திட்டிச்சு.

தேங்க்ஸ்கிவிங்குக்குப் பொண்ணு வந்தா. அவ வர்றதுக்குள்ள அவ போர்டைத் துடைச்சு, பேரிங்கெல்லாம் கழட்டிச் சுத்தம் பண்ணி, கதவோரமா சாத்தி வச்சிருந்தேன். பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலைல ரெண்டு பேரும் டிரெயிலுக்குப் போனோம். வழியில, "அன்னைக்கு நான் கத்தியிருக்கக் கூடாதும்மா"ன்னு சொன்னேன். எத்தனையோ தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்த வாக்கியம், வெளியே வரும்போது குழறிச்சு.

"காலேஜுக்கு எடுத்துட்டுப் போகணும்னுதான் இருந்துச்சு. கேக்கப் பயமா இருந்துச்சுப்பா"ன்னா.

எனக்குப் பதில் வரல. என் எடைக்குப் போட்ட புஷ்ஷிங்கை அவளுக்கு மாட்டிவிட்டு, ஏன் திரும்ப மாட்டேங்கறேன்னு வருஷக்கணக்கா கேட்டிருக்கேன் போல.

போன வாரம் ரத்தப் பரிசோதனை. 5.9. டாக்டர் நடந்ததாலன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். நானும் திருத்தல. அவ போர்டு இப்ப ஹாஸ்டல்ல இருக்கு. நேத்து அவளுக்கு நான் ஓட்டுற வீடியோ அனுப்பினேன். ஒரே வரியில பதில்:

"பின்னாடி இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுப்பா."