ஃப்ரிட்ஜில் கூலிங் இல்லையா?

டில்லி மே மாதம், 45 டிகிரி வெயில். ஃப்ரிட்ஜுக்குள் தோசைமாவு மட்டுமா? அம்மாவின் இன்சுலினும் இருக்கிறது. அதற்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். மெக்கானிக்கோ "நாளைக்கு" என்பார்.

அதற்குள் நாமே மூன்று விஷயம் பார்க்கலாம். கதவிடுக்கில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள் (பேங்க்காரன் புத்தி!). சுலபமாக வந்தால் கதவு ரப்பர் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பலசமயம் சரியாகிவிடும். அடுத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கக் கம்பிகளில் படிந்த தூசியைத் தட்டுங்கள். காய்கறி ட்ரே அடியில் தண்ணீர் தேங்குகிறதா? உள்ளே பின்சுவரின் கீழிருக்கும் ஓட்டையில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் அடைப்பு போகும்.

ஐஸை மட்டும் கத்தியால் குத்தாதீர்கள். கேஸ் குழாய் ஓட்டையானால் செலவு பெரிது.

அப்புறமும் குளிராவிட்டால் மெக்கானிக்தான். அதுவரை இன்சுலினைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.